யாருடைய இசை?

சில காலத்துக்கு முன்னர் எங்கள் பாடசாலை இலக்கிய மன்றத்தின் கூட்டமொன்றிலே ‘கலையும் வர்க்கமும்’ என்னும் பொருள் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கூட்டத்திலிருந்தோரிற் பெரும்பாலார் உயர்தர வகுப்பு மாணவர்கள். பல ஆண்டுகளாக மேடைகளிலே சொல்லிப் பழகிப்போன கருத்துகளையே அன்றும் சொன்னேன். மக்களின் வாழ்விலிருந்து பிறக்கும் கலை ஒருபுறம், உண்டு களித்தோரின் பொழுதைப் போக்கும் கலை மறுபுறம் என்று கோடு கிழித்தேன். இரண்டாவதற்கு உதாரணம் தேவைப்பட்டபோது மக்ஸிம் கோர்க்கியைத் துணைக்கழைத்தேன். இத்தாலியிலே சொரென்ரோவில் தங்கியிருந்த காலத்தில், இரவின் அமைதியைக் குலைத்துக்கொண்டு அண்டை ஹோட்டலிலிருந்து எழுந்த ஜாஸ் இசையைக் கேட்டு அருவருப்படைந்த கோர்க்கி, 1928இல் ‘பிராவ்தா’ பத்திரிகையிலே ‘கொழுத்தவர்களின் இசை’ என்றொரு கட்டுரை எழுதினார். அந்தத் தலைப்பு ஒன்றே போதும், ஜாஸ் இசையின் வர்க்கக் குணத்தை விளக்க வேறெதுவும் தேவையில்லை என்று சொல்லி முடித்தேன். கைதட்டலும் கிடைத்தது.

அதன்பின் பின்வரிசையிலிருந்து மாணவியொருத்தி எழுந்தாள். “சேர், அங்கை ஆடினவையைப் பற்றிச் சொன்னீங்கள். வாசிச்சவை ஆர் எண்டு சொல்லேல்லையே?” என்று கேட்டாள்.

அவள் குறும்புக்காகக் கேட்கவில்லை; அறிய விரும்பியே கேட்டாள். அமெரிக்கக் கறுப்பின மக்களே பெரும்பாலும் வாசித்தனர் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினேன். ஆனால் வீடு திரும்பும் வழியிலே அந்த இரண்டு வார்த்தைகளும் என்னை உறுத்தத் தொடங்கின. அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோரின் வழிவந்த மக்கள் படைத்த இசையை, ‘கொழுத்தவர்களின் இசை’ என்று மாணவர் முன்னிலையில் ஒரே மூச்சிலே தள்ளிவிட்டேன். கோர்க்கி ஹோட்டற் சுவருக்கு வெளியே நின்று கேட்டார். நானோ கேட்கவுமில்லை, கேட்டவர் எழுதியதை ஒப்புவித்தேன். அவ்வளவே.

அந்த மாணவியின் கேள்விக்கு விடை தேடியபோது முதலில் எதிர்ப்பட்ட இடம் நம் கொழும்பு நகரமாகவே இருந்தது வியப்பளித்தது. 1930களின் பிற்பகுதியிலே காலிமுக ஹோட்டலின் நடன மண்டபத்தில் டெடி வெதர்போர்ட் என்ற கறுப்பு அமெரிக்கப் பியானோக் கலைஞர் தம் வாத்தியக் குழுவுடன் வாசித்திருக்கிறார். 1920களிலே சிக்காகோ நகரில் லூயி ஆம்ஸ்ட்ரோங்குடன் ஒரே குழுவில் இருந்தவர் அவர். 1926இல் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டவர், ஷங்காய், பம்பாய், கொழும்பு, கல்கத்தா என்று ஆசியத் துறைமுக நகரங்களிலேயே தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியைப் பெரும்பாலும் கழித்தார். குடியேற்ற நாட்டு அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் சுதேசச் சீமான்களும் ஆட, அவர் வாசித்தார். 1945 ஏப்ரலில், கல்கத்தாவிலே, அந்நகரின் ஏழைகளை ஆண்டுதோறும் வாரிச்சென்ற அதே வாந்திபேதி நோய் அவரையும் கொண்டு சென்றது. மண்டபம் துரைமாருடையதாக இருந்தது. வாசித்தவனுக்கு வந்த மரணமோ தெருவிலே கிடந்தவர்களின் மரணம்.

இந்த வெதர்போர்ட்டின் வழியாகவே பக் கிளேட்டன் என்ற மற்றொரு மனிதரிடம் வந்து சேர்ந்தேன். ட்ரம்பெற் வாசிப்பவராகவும் வாத்தியக் குழுத் தலைவராகவும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒருவரின் வாழ்க்கை, நான் மேடையிலே கிழித்த கோட்டினை அழித்துவிட்டது. அதனையே இங்கு எழுத முற்படுகிறேன்.

வில்பர் டோர்சி கிளேட்டன் என்பது அவரின் முழுப்பெயர். 1911 நவம்பர் 12ஆம் திகதி, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்ற சிறு நகரிலே பிறந்தார். புகையிரதப் பாதைகள் கூடும் இடமாகையாலே வளர்ந்த நகரம் அது. தந்தையார் தேவாலய இசையில் ஈடுபாடுடையவர்; மகனுக்கு முதலிற் பியானோவையும் பின்னர் ட்ரம்பெற்றையும் அறிமுகம் செய்தவர் அவரே. பாடசாலைகளில் நிறப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு ஏதுவாயமைந்த வழக்கு இதே கன்சாஸ் மாநிலத்தின் தொப்பீக்கா நகரிலே தோன்றியது என்பதை நினைவிற் கொண்டால், கிளேட்டன் வளர்ந்த சூழலை ஆசிரியர்களாகிய நாம் ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம்.

ட்ரம்பெற்றைப் பற்றி இங்கு ஒன்று சொல்லுதல் அவசியம். நாதஸ்வரத்திலே அதிர்வது சீவாளி. வயலினிலே அதிர்வது தந்தி. ட்ரம்பெற்றிலோ அதிர்வது வாசிப்பவனின் உதடு. உலோகக் கிண்ணம் போன்ற வாய்முனையை உதட்டோடு அழுத்தி, அவ்வுதட்டினையே துடிக்கச்செய்து அவன் ஒலியெழுப்புகிறான். மூன்று விசைகள் குழலின் நீளத்தை மாற்ற உதவுகின்றன. ஏனையவற்றை உதடும் மூச்சுமே செய்தாக வேண்டும். சுருதி உயர உயர உதட்டின் மீதுள்ள பாரமும் கூடும். இரவுக்கு ஐந்தாறு மணிநேரம், ஆண்டு முழுவதும், அத்தசை உலோகத்தின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். சுரங்கத் தொழிலாளிக்கு நெஞ்சு போலவும் நெசவாளிக்குக் கண் போலவும் ட்ரம்பெற் கலைஞனுக்கு உதடு. தொழில் முதலில் தின்பது அதனைத்தான். கலைஞன் என்ற சொல்லின் பளபளப்பிலே அவனும் ஓர் உடலுழைப்பாளி என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

உயர்நிலைப் பள்ளியை முடித்தபின் கிளேட்டன் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குச் சென்றார். அது 1929இன் பொருளாதார வீழ்ச்சியைத் தொடர்ந்த கொடிய காலம். வெள்ளையருக்கே வேலையில்லாத நாட்டிலே, கறுப்பு இளைஞனுக்கு நடன மண்டபத்தின் மேடை ஒன்றே ஓரளவு திறந்திருந்தது. அந்த மண்டபங்களிற் பலவற்றுள் அவன் இருக்கையிலமர்ந்து கேட்கப் போக முடியாது. அந்நகரில் ஆம்ஸ்ட்ரோங்கின் வாசிப்பைக் கேட்டார். அவரிடமே சில நுட்பங்களையும் அறிந்துகொண்டார். இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளுக்குள் பதினான்குபேர் கொண்ட குழுவொன்றின் தலைவரானார். அக்காலத்தில் ஷங்காயிலிருந்து ஆள் திரட்ட வந்த வெதர்போர்ட், 1934இல் அவரையும் குழுவினரையும் பசிபிக் சமுத்திரத்துக்கு அப்பால் அழைத்துச் சென்றார்.

அக்காலத்து ஷங்காயை வாசகர் மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். நகரின் ஒரு பகுதி பிரெஞ்சுக்காரர் வசம். இன்னொரு பகுதி பிரித்தானியரும் அமெரிக்கரும் முதன்மை பெற்ற சர்வதேசக் குடியிருப்பு. அங்கு வாழ்ந்த பல வல்லரசு நாட்டவரைச் சீனச் சட்டம் தீண்டமுடியாது. அமெரிக்கக் கடற்படைச் சேனையின் பிரிவொன்று 1927 முதல் நிலைகொண்டிருந்தது. அதே 1927 ஏப்ரலில் சியாங் கை ஷேக் அந்நகரத் தொழிலாளரின் இயக்கத்தை இரத்தத்தில் மூழ்கடித்திருந்தார். பிரெஞ்சுப் பகுதியிலே, நாயோட்டப் பந்தயத் திடலோடு இணைந்திருந்தது கனிட்ரோம் என்ற மாபெரும் நடன மண்டபம். ‘ஹார்லெம் கனவான்கள்’ என்ற பெயரோடு கிளேட்டனின் குழு அங்கேதான் வாசித்தது. சியாங்கின் மனைவியும் அவரின் தமக்கையும் அங்கு வருவதுண்டு. கோர்க்கியின் தலைப்பு எங்காவது பொருந்துமானால் அந்த மண்டபத்துக்கு நன்றாகவே பொருந்தும்.

ஆனால் மேடையில் நின்றவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் காட்சி வேறு. சீனத்திலே கழிந்த அந்த இரண்டு ஆண்டுகளே தம் வாழ்வில் மிக மகிழ்ச்சியான ஆண்டுகள் என்று முதுமையிலே கிளேட்டன் எழுதினார். சொந்த நாட்டிலே எந்த வாசலால் நுழைவது, எந்த இருக்கையில் அமர்வது என்று கணந்தோறும் யோசித்து வாழ்ந்த இளைஞன், முதன்முறையாக நல்ல உடையுடுத்து, விரும்பிய இடத்தில் உணவருந்தி, மனிதனென மதிக்கப்பட்டான். அந்த மரியாதையும் வசதியும் சீன மக்களின் முதுகில் ஏறியிருந்த அந்நிய ஆதிக்கத்தின் நிழலிலே கிடைத்தவை என்பதை நாம் மறக்கலாகாது. அதற்காக அம்மகிழ்ச்சியைப் பொய்யென்று சொல்லவும் முடியாது. ஒடுக்கப்பட்டவனுக்கு விடுதலையின் சாயல் சிலவேளை இப்படி முரணான இடங்களிலேதான் கிடைக்கிறது.

அந்தச் சாயலையும் அவனுடைய நாட்டவர் நெடுநாள் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் தெருவிலே நடந்து சென்ற குழுவினரை அமெரிக்கக் கடற்படை வீரர் சிலர் நிறத்தைச் சொல்லி இழிவாகக் கூவினர். கல்லெறியும் கைகலப்பும் மூண்டன. கறுப்பு இசைவாணர் விட்டுக்கொடுக்கவில்லை. சண்டை முடிந்ததும் தெருவில் நின்ற சீனர்கள், போட்டியில் வென்று திரும்பும் அணியை வரவேற்பதுபோல ஆரவாரித்து அவர்களின் இருப்பிடம்வரை பின்தொடர்ந்து வந்தார்களாம். காரணத்தையும் கிளேட்டன் கூறுகிறார்: றிக்‌ஷாவிலே சவாரி செய்த வெள்ளையர் சிலர், இறங்கியதும் கூலி கொடுப்பதற்குப் பதிலாக றிக்‌ஷாக்காரனைக் காலால் உதைப்பதை அவரே கண்டிருந்தார். சீனத் தொழிலாளர் நெடுநாளாக மனத்திலே வைத்திருந்த ஒன்றை அன்று அந்த அந்நியர்கள் செய்துவிட்டனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. சேர்ந்து படித்த நூல் எதுவுமில்லை. ஒரு பிரசுரமும் அவர்களிடையே கைமாறவில்லை. இருந்தும் உதைபட்டவர்கள் ஒருவரையொருவர் அடையாளங்கண்டனர். சர்வதேசியம் பற்றி நான் வாசித்த பக்கங்கள் பல. அவற்றுட் சிலவே இத்தெருக் காட்சியளவுக்கு என் மனத்திற் பதிந்துள்ளன.

பின்னர் ஓரிரவு, கனிட்ரோம் மண்டபத்திலேயே, குழுவை வழிநடத்திக்கொண்டிருந்த கிளேட்டனை அமெரிக்க முன்னாள் கடற்படை வீரனொருவன் தாக்கினான். மேடையே சண்டைக்களமாயிற்று. தாக்கப்பட்டவரின் குழுவே வேலையிழந்தது. ஒப்பந்தம் முறிக்கப்பட, குழுவிற் சிலர் ஊர் திரும்பினர். எஞ்சியோருடன் கிளேட்டன் கஸனோவா என்ற சிறிய மண்டபத்திலே வேலை தேடிக்கொண்டார். அங்கு வந்தோர் கனிட்ரோம் மண்டபத்தின் பிரபுக்களல்லர். பெரும்பாலும் சாதாரண சீனர். அவர்கள் தம் பாடல்களைக் கேட்டனர். ஆகவே அமெரிக்கக் கறுப்பு இசைவாணர்கள் சீனப் பாடல்களைப் பயிலத் தொடங்கினர். ஐந்து சுரங்களிலே நடக்கும் அப்பாடல்களைத் தம் வாத்தியங்களுக்கேற்ப எழுதி வாசித்தனர். பட்டத்திலிருந்து விழுந்த பின்னரே இரண்டு மக்களின் இசை சந்தித்தது என்பது கவனிக்கத்தக்கது.

நிற்க. அச்சீனப் பாடல்களின் வரலாறு நமக்கு இன்னுமொரு பாடத்தைத் தருகிறது. அவ்வகைப் பாடலுக்கு வித்திட்டவர் லீ ஜின்ஹுவெய். அவர் ஆசிரியர் மரபிலே வந்தவர். பொதுச் சீன மொழியைச் சிறுவரிடையே பரப்பும் நோக்கத்துடன் 1920களிலே சிறுவர் இசை நாடகங்கள் இயற்றியவர். பின்பு நாட்டார் மெட்டுகளையும் ஜாஸ் தாளத்தையும் இணைத்து நகர மக்களுக்கான பாடல்களை அமைத்தார். அவரின் ‘பிரகாச நிலவு’ இசைக் குழுவிலே 1931இல் வயலின் கலைஞனாகச் சேர்ந்த இளைஞன் ஒருவன், மறு ஆண்டே புனைபெயரிலே அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதிவிட்டு வெளியேறினான். மெல்லிய காதற்பாட்டு நாட்டை மயக்குகிறது என்பது அவன் குற்றச்சாட்டு. அவ்விளைஞனின் பெயர் நியே அர். 1935இல் அவன் மெட்டமைத்த ‘தொண்டர் அணிவகுப்பு’ என்ற பாடலே பின்னாளில் மக்கள் சீனத்தின் தேசிய கீதமாயிற்று.

நியே அரின் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றிவிட்டது. 1932 ஜனவரியிலே ஷங்காயின் தொழிலாளர் குடியிருப்புகள் மீது குண்டு விழுந்தது. அவ்வேளையிலே நடன மண்டபத்து இசை ஓர் இளம் தேசபக்தனின் காதிலே எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை உணர்வது கடினமன்று. ஆனால் அந்தக் கோபம் காலப்போக்கில் ஒரு வாய்பாடாக இறுகிற்று. ‘மஞ்சள் இசை’ என்ற முத்திரை குத்தப்பட்டுப் பாடல்கள் ஒதுக்கப்பட்டன. ஒரு காலத்திற் சிறுவர்க்குப் பாடச் சொல்லிக்கொடுத்த லீ ஜின்ஹுவெய், கலாசாரப் புரட்சியின் துன்புறுத்தல்களுக்கிடையே 1967இல் இறந்தார். நெருக்கடி நேரத்தில் ஒருவர் எழுப்பிய நியாயமான கேள்வியை, எக்காலத்துக்குமான தீர்ப்பாக மாற்றும்போது நேர்வது இதுதான். இலக்கிய மன்றத்திலே நான் செய்ததும் இதன் சிறு பதிப்பே. எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. அதனால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. வேறுபாடு அவ்வளவே.

இதிலே இன்னுமோர் உண்மையும் உண்டு. நியே அரின் அந்தப் பாடலை அமெரிக்காவிலே சீன மொழியிற் பாடிப் பரப்பியவர் போல் றோப்சன். 1941இல் அது இசைத்தட்டாகவும் வெளிவந்தது. ஷங்காயிற் கறுப்பு இசைவாணர் சீனப் பாட்டை வாசித்தனர். நியூயோர்க்கிலே கறுப்புப் பாடகர் சீனப் பாட்டைப் பாடினார். ஒன்று நடனத்துக்கு, மற்றது போராட்டத்துக்கு. இவ்விரண்டையும் எதிரெதிர் முகாம்களில் நிறுத்திப் பார்க்கவே நாம் பழகியிருக்கிறோம். இரண்டையும் செய்தவர்கள் ஒரே ஒடுக்குமுறைக்குள் வளர்ந்தவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

1936இல் கிளேட்டன் அமெரிக்கா திரும்பினார். நியூயோர்க்குக்குச் செல்லும் வழியிலே கன்சாஸ் நகரில் தங்கியவரைக் கவுண்ட் பேசி என்ற பியானோக் கலைஞர் தம் குழுவிலே சேர்த்துக்கொண்டார். ‘ஸ்விங்’ எனப்படும் பெருங்குழு நடன இசை நாடெங்கும் பரவத் தொடங்கிய நேரம் அது. பேசி குழுவின் முறை தனித்துவமானது. எழுதிவைத்த சுரத்தாளைப் பார்த்து வாசிப்பதிலும், ஒருவர் ஒரு சிறு சொற்கட்டை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் அதனைப் பற்றிப் படர்ந்து, இரவுக்கிரவு வாசித்து வாசித்தே ஓர் உருப்படியைச் சமைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்துப் பேச இடமுண்டு. பேசியதும் கூட்டத்துக்குத் திரும்பவேண்டும். 1937இற் பதிவான ‘வன் ஓ குளொக் ஜம்ப்’ இவ்வாறு பலர் சேர்ந்து ஆக்கிய இசையே.

அக்கூட்டு உழைப்பின் பயன் யாரைச் சேர்ந்தது? டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பனியோடு பேசி செய்துகொண்ட ஒப்பந்தம் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. இருபத்துநான்கு பதிவுகளுக்கு 750 டொலர். விற்பனையிலே பங்கு கிடையாது. இசைவாணர் தொழிற்சங்கம் தலையிட்டதால் பதிவுக் கூலி பின்னர் ஓரளவு உயர்ந்தது. ஆனால் உலகமெங்கும் விற்ற அவ்விசைத்தட்டுகளின் இலாபத்தில் ஒரு சதமும் வாசித்தவர்களுக்கு உரிமையாகவில்லை. ‘ஸ்விங் இசையின் அரசன்’ என்ற பட்டம் வெள்ளையரான பெனி குட்மனுக்குச் சூட்டப்பட்டது. குட்மன் நல்ல கலைஞர். நிறத் தடையை மீறிக் கறுப்பு இசைவாணரைத் தம்முடன் மேடையேற்றிய நேர்மையும் அவருக்கு உண்டு. பட்டம் சூட்டியது அவரல்லர், சந்தை. கிளேட்டன் பின்னாளிலே குட்மனுக்கும் ஹரி ஜேம்ஸுக்கும் இசையமைத்துக் கொடுத்தார். குட்மனின் வாழ்க்கையைக் கூறும் 1956ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் தோன்றினார். தம் வாழ்க்கையைப் பற்றியதாக அல்ல, பிறர் வாழ்க்கைக் கதையிலே ஒரு துணைவராக.

இக்காலத்திலே கிளேட்டன் வாசித்தவற்றுள், 1937இல் பில்லி ஹொலிடேயுடன் செய்த பதிவுகளை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். வாத்தியத்தின் வாயிலே மூடியொன்றைப் பொருத்தி ஒலியைத் தணித்து, பாடகியின் வரிகளுக்கு இடையிலே மட்டும் நுழைந்து, அவள் வாய் திறக்கும் முன் விலகிவிடுகிறார். தன்னைக் காட்டிக்கொள்ளாது மற்றவரைக் கேட்கும் அந்தப் பண்பு, உரத்த சத்தமே ஜாஸ் என்று எண்ணியிருந்த என்னை வெட்கமடையச் செய்தது. அதே ஆண்டிலே, பேசி குழுவுடன் டெட்ரோயிற் நகரில் மேடையேறிய ஹொலிடேயின் நிறம் வெளிறியிருக்கிறது, கறுப்பு ஆடவரோடு வெள்ளைப் பெண் நிற்பதாகச் சபையோர் எண்ணக்கூடும் என்று சொல்லி, அவரின் முகத்திலே கரிய பூச்சைப் பூசச்செய்தனர் அரங்க நிர்வாகத்தினர். கறுப்புப் பெண்ணின் முகத்துக்குக் கறுப்புப் பூச்சு! அந்த மேடையிலிருந்துதான் இத்தனை மென்மையான இசை வந்தது.

1938 டிசம்பர் 23ஆம் திகதி நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் ‘ஆன்மிகப் பாடலிலிருந்து ஸ்விங் வரை’ என்ற பெயரில் ஒரு நிகழ்ச்சி நடைபெற்றது. அடிமைக்காலப் பாடல் முதல் அன்றைய நடன இசை வரை கறுப்பு மக்களின் இசை ஒரே வரலாறு என்று காட்டுவதே ஏற்பாட்டாளர் ஜோன் ஹமண்டின் நோக்கம். பேசி குழுவும் கிளேட்டனும் அதிலே வாசித்தனர். அதற்கு ஆதரவளித்தது ‘நியூ மாஸஸ்’ என்ற இடதுசாரிச் சஞ்சிகை. கோர்க்கி எழுதிப் பத்து ஆண்டுகளுக்குப் பின், அவரைத் தம்மவராகக் கருதிய தோழர்களே ஜாஸ் இசைக்கு அந்நகரின் உயர்ந்த சங்கீத மண்டபத்தைத் திறந்துவைக்க உதவினர் என்பது என் பேச்சிலே இடம்பெறவில்லை. இடம்பெறாததற்குக் காரணம், அது எனக்குத் தெரியாது.

பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1943இல் கிளேட்டன் இராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். பாசிசத்துக்கு எதிராகப் போரிட்ட அந்த இராணுவமே நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவருக்கு வாத்தியக் குழுவிலே வேலை கிடைத்தது. நண்பர் லெஸ்ற்றர் யங்குக்குக் கிடைத்ததோ இராணுவ நீதிமன்றமும் தடுப்பு முகாமும். போருக்குப்பின் பெருங்குழுக்களின் காலம் முடிந்தது. நீண்டநேரம் ஓடும் இசைத்தட்டு வந்தபின், 1953 முதல் சில ஆண்டுகள், கிளேட்டனின் தலைமையிலே கூட்டு வாசிப்புகள் பதிவாயின. மூன்று நிமிட அளவுக்குள் அடைக்கப்பட்டிருந்த கலைஞர்கள் முதன்முறையாக இருபது நிமிடம்வரை பேசி முடித்தனர். ஐரோப்பாவிலே அவருக்குப் பெருமதிப்பு இருந்தது. ஆண்டுதோறும் சென்று வந்தார்.

1960களின் முடிவிலே உதடு கெட்டது. சத்திரசிகிச்சைகள் நடந்தன. நாற்பதாண்டு உழைத்த தசை மீண்டும் பழைய நிலையை அடையவில்லை. இடையிலே, 1977இல், அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் ஆபிரிக்கச் சுற்றுப்பயணம் சென்று வாசித்தார். கறுப்பு இசையைத் தன் ஜனநாயகத்துக்கு விளம்பரமாக ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் அனுப்பும் வழக்கத்தை அந்நாட்டு அரசு 1956இலேயே தொடங்கியிருந்தது. அப்போது அதன் தென் மாநிலங்களிலே அதே இசைவாணர் ஒரு தேநீர்க்கடையிலே அமர முடியாது. 1970களின் முடிவோடு கிளேட்டனின் வாசிப்பு முற்றாக நின்றது. ஆனால் வாசிக்க முடியாதவர் எழுதினார். நியூயோர்க்கின் ஹன்ரர் கல்லூரியிலே கற்பித்தார். 1986இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1987இல், எழுபத்தைந்து வயதிலே, மீண்டும் ஒரு பெருங்குழுவை அமைத்தார். அதற்கு வேண்டிய இசையைத் தாமே எழுதி, தம் ட்ரம்பெற்றை மற்றவர் கையிலே ஒலிக்கச் செய்து, முன்னே நின்று நடத்தினார். 1991 டிசம்பர் 8ஆம் திகதி நியூயோர்க்கிலே காலமானார். அவருக்கு அப்போது எண்பது வயது.

இவ்வாழ்க்கையை அறிந்தபின் என் முடிவு என்ன? கோர்க்கி முற்றிலும் தவறியவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கேட்ட ஹோட்டலைப் பற்றி அவர் சொன்னது சரி. கனிட்ரோம் பற்றியும் காலிமுகம் பற்றியும் அது சரியே. மண்டபம் கொழுத்தவர்களுடையது. அதைக் கொண்டு இசையும் அவர்களுடையது என்று தீர்மானித்ததே பிழை. ஆடையை அணிபவன் யாரென்று மட்டும் பார்த்து, நெய்தவனை மறப்பது போன்றது இது. ஆலையும் கடையும் முதலாளியிடம் இருப்பதால் துணி நெசவாளியின் திறனல்ல என்று நாம் சொல்வோமா? கலையை மட்டும் அப்படிச் சொல்லத் துணிகிறோம். முற்போக்காளர் கலையை ஆராயும்போது, கேட்டவர் யார் என்ற கேள்வியோடு, ஆக்கியவர் யார், என்ன நிலையில் ஆக்கினார், பயனை யார் கொண்டுசென்றார் என்ற கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். அவ்வாறு கேட்காத விமர்சனம், தன்னை அறியாமலே உழைத்தவனின் உடைமையை அனுபவித்தவனின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது.

மன்றத்தின் அடுத்த கூட்டத்திலே இவற்றைச் சொன்னேன். முந்திய பேச்சிலே கூறியது தவறு என்பதையும் வெளிப்படையாகச் சொன்னேன். ஆசிரியனுக்கு அது இலகுவான காரியமன்று. மாணவர் அதைப் பொருட்படுத்தியதாகவும் தெரியவில்லை. பின்பு ஹொலிடேயும் கிளேட்டனும் சேர்ந்த பதிவொன்றைக் கேட்கச் செய்தேன். சிலர் விரும்பினர், சிலர் கொட்டாவி விட்டனர். கேள்வி கேட்ட மாணவி மட்டும் இறுதிவரை அசையாதிருந்து கேட்டாள். கூட்டம் கலையும்போது அருகில் வந்து, “சேர், இதிலை ஊதுறவற்றை பேரென்ன எண்டு சொன்னீங்கள்?” என்றாள்.

பெயரை எழுதிக் கொடுத்தேன். முதற் கூட்டத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டிய பெயர் அது.